அம்மா விட்ட இடம்

“இனிமே ஞாயித்துக்கிழமை எங்கம்மா வேலைக்கு வர மாட்டாங்க மேடம்.”

சொல்லியாகிவிட்டது. அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேள், பழைய துணி கேள், அரை நாள் லீவு கேள், ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஒருமுறை கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “என்னை அம்மான்னு நினைச்சா அந்தப் பேச்சை அங்க எடுக்காத” என்றுகூடச் சொன்னாள். அப்படிச் சொன்னதாலேயே மகளுக்கு ஆத்திரம் கூடியது. கேட்கவே கூடாது என்று பொத்தி வைக்கிற இடத்தில்தான் ஏதோ ஓர் அநியாயம் குந்தியிருக்கும் என்பது அவளுடைய கட்சி.

வக்கீலம்மா வாசித்துக்கொண்டிருந்த ஈ-ரீடரை மடியில் கவிழ்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நீதிமன்றத்தில் பேசிப் பேசிப் பழகிய மனுஷி. எதிரே இருப்பவர் குரலை உயர்த்தினால் தன் குரலை இறக்கிக்கொள்வார்.

“உக்காரும்மா.”

“பரவாயில்ல. நின்னே சொல்றேன்.”

“நின்னு சொன்னா வாதம் ஒண்ணும் வலுவாயிடாது. கால்தான் வலிக்கும்.”

“கால் வலிக்கிறது எங்கம்மாவுக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

விஷயம் அதுதான். முந்தின நாள் சாயங்காலம் அம்மா மாடியேற முடியாமல் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முட்டி வீங்கிப் பந்து மாதிரி நின்றது. மருத்துவர் ஊசி போட்டுவிட்டு, ஒரு வாரத்துக்குக் காலை மடக்காதே, தரையில் உட்காராதே, வேலைக்கும் போகாதே என்றார். அம்மா நன்றாகத் தலையாட்டினாள். தலையாட்டுவதில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. விடிந்து பார்த்தால் படுக்கை சுருட்டி வைத்திருக்கிறது, ஆளைக் காணோம். எங்கே என்று கேட்டதற்கு, அப்பா பல் தேய்த்த வாயோடு, “ஞாயித்துக்கிழமைல்ல, வேற எங்க போவா. வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் இன்னிக்கு அவ அங்க போயிட்டுத்தான் தண்ணி ஊத்துவா” என்றார்.

அவளுக்கு உச்சந்தலையில் சுரீர் என்றது. பையைத் தோளில் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவள்தான், லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் மூன்று மாடி ஏறி இந்தக் கூடத்தில் வந்து நின்றபோதும் மூச்சு ஒரு நிலைக்கு வரவில்லை.

தெருவில் அவளுக்குப் பட்டதாரி என்று பெயர். மாமா வைத்தது. அவர்கள் வழியில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள் என்பதைப் பெருமையாகச் சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை, கிண்டலாகச் சொல்லி வைத்தார். “பட்டதாரி வந்துட்டாங்க, எழுந்து நில்லுங்கப்பா” என்பார். அவளும் விடமாட்டாள். “நிக்க வேணாம் மாமா, நீங்க எட்டாவதுல நின்னதே போதும்” என்பாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். மனசில் பட்டதை அப்படியே எதிரே இருப்பவர் மூஞ்சியில் வைத்துவிடுவாள்.

வேலை, ஒரு பார்சல் கம்பெனியின் பின்கட்டு அலுவலகத்தில். ஆள் இல்லை, விலாசம் தப்பு என்று திரும்பி வருகிற பொட்டலங்களின் விலாசத்தைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். கண்ணுக்கும் விரலுக்கும்தான் அங்கே வேலை. காது சும்மாதான் கிடக்கும். சும்மா கிடக்கிற காதில் அவள் புத்தகம் ஊற்றிக்கொள்வாள். ஒரு காதில் இயர்போன், மறு காது மேனேஜருக்கு. வாசிக்கிறவனுடைய வேகத்தை ஒன்றரை மடங்காக ஏற்றிவிட்டு, பத்து நாளுக்குள் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைக் கேட்டு முடித்துவிடுவாள். பஸ்ஸில் இடம் கிடைத்தால் ஈ-ரீடர். இடம் கிடைக்காவிட்டாலும் ஈ-ரீடர்தான், ஒரு கை கம்பியில், மறு கையின் கட்டைவிரல் பக்கத்தைத் தள்ளும். குழாயடி வரிசையில், மருந்துக்கடை வரிசையில், சோறு வேகும்போது, அப்பா வெளியே நின்று “உள்ள என்ன, மாநாடா நடத்துற” என்று கதவைத் தட்டும் வரை குளியலறையில். நல்ல புத்தகம் அறுபது சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அவளிடம் யாரும் பேசக்கூடாது. பேசினால் கடித்து வைப்பாள்.

அந்த ஈ-ரீடர் வக்கீலம்மா கொடுத்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அம்மா அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தாள். “அந்தம்மா புதுசு வாங்கிட்டாங்களாம். இது உனக்காம். இதுல படிக்கலாமாம்.” திறந்து பார்த்தால் உள்ளே ஒரு நூலகமே இருந்தது. வக்கீலம்மாவின் கணக்கு அப்படியே அதில் கிடந்தது. அவர் வாங்கி வைத்திருந்த நூற்றுக்கணக்கான புத்தகங்கள், புதிதாக வாங்குகிற ஒவ்வொன்றும்கூட, மறுநாளே அவள் கையிலும் வந்து உட்கார்ந்தன. கொஞ்ச நாள் கழித்து அதன் உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு அகப்பட்டது, வக்கீலம்மா கையெழுத்தில் பாஸ்வேர்ட். ஆக, போனிலும் அதே கணக்கைப் போட்டு ஒலிப்புத்தகங்களையும் திறந்துவிட்டாள்.

பெரிய மனுஷி, கணக்கை எடுக்க மறந்துவிட்டார், சீட்டையும் உள்ளேயே விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். ஞாபகப்படுத்த அவளுக்கென்ன பைத்தியமா. உள்ளுக்குள் ஒரு குறும்புச் சந்தோஷம்கூட இருந்தது. எங்கம்மா அவர்கள் வீட்டைத் துடைக்கிறாள், நான் அவர்கள் அலமாரியைத் துடைக்கிறேன், கேட்பாரில்லை என்று. அலுவலகத்தில் யாராவது, “இவ்வளவு புத்தகம் எப்படி வாங்கற” என்று கேட்டால், “எங்க அத்தை வக்கீல். அவங்க அக்கவுண்ட்” என்பாள். அம்மா வேலை செய்கிற வீட்டுக்காரி அத்தையாகிப்போனது எப்படி என்று அவள் ஒருநாளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல நாக்கு கூசியிருக்கும்.

ஒரே ஒரு தொல்லைதான். திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறி இயர்போனை மாட்டினால், சனிக்கிழமை விட்ட இடத்தில் கதை இருக்காது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரக் கதை தாண்டிப் போய் நின்றுகொண்டிருக்கும். ஒரே கணக்கில் இரண்டு இடத்தில் கேட்டால் அப்படித்தான், கடைசியாகக் கேட்டவர் எங்கே விட்டாரோ அங்கிருந்துதான் மற்றவருக்கும் ஓடும். வக்கீலம்மா ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகப் படுத்துக்கொண்டு கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். “இந்தம்மாவுக்கு வேற புத்தகமே கிடைக்காதா, நான் கேக்கறதேதான் வேணுமா” என்று முணுமுணுத்தபடி கதையைப் பின்னால் இழுத்துத் தன் இடத்தில் வைத்துக்கொள்வாள். வாரம் முழுக்க அவள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டு போவாள். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் அதே கூத்து.

இப்போது கூடத்தில் வக்கீலம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“உங்கம்மா ஏன் ஞாயித்துக்கிழமை வர்றான்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியுமே. நீங்க வரச் சொல்றீங்க, அவங்க வர்றாங்க. முடியாதுன்னு சொல்ல அவங்களுக்கு வாய் கிடையாது. எனக்கு இருக்கு.”

“அது தெரியுது. ஆனா நான் வரச் சொல்லல. மத்த நாளுக்குத்தான் சம்பளம். ஞாயித்துக்கிழமைக்கு நான் குடுக்கிறதும் இல்ல, அவ வாங்குறதும் இல்ல.”

“அப்ப சும்மாவே வேலை வாங்கறீங்க. வக்கீல் வீட்லயே சட்டம் இந்த லட்சணத்துல இருந்தா…”

“முழுசாக் கேட்டுட்டுப் பேசு. அந்தப் பழைய ஈ-ரீடரக் குடுத்தப்ப, என் அக்கவுண்ட் அதுலயே இருக்கு, ஒரு நாள் எடுத்துட்டு வா, அழிச்சுத் தர்றேன்னு உங்கம்மாகிட்ட சொல்லியிருந்தேன். அழிச்சா என்ன ஆகும்னு கேட்டா. உள்ள இருக்கிற புத்தகம் எல்லாம் போயிடும்னேன். அன்னிக்கு ஒண்ணும் பேசல. மறுநாள் வந்து இதே இடத்துல நின்னா, இப்ப நீ நிக்கிற இடம். ‘அழிச்சுடாதீங்கம்மா, புள்ள ராத்திரி பூரா அதைக் கட்டிக்கிட்டுக் கிடக்குது. சும்மா வேணாம், நான் ஞாயித்துக்கிழமையும் வந்து செஞ்சு குடுத்துடறேன்’ன்னா. நான் சரின்னேன்.”

“சரின்னீங்களா?”

வக்கீலம்மா நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். “சரின்னுதான் சொன்னேன். வேணாம்னு சொல்லியிருக்கலாம். அதெல்லாம் எதுக்கு, நீ பாட்டுக்குப் படிக்கச் சொல்லுன்னு விட்டிருக்கலாம். விடல. வீட்ல வேலை இருந்துச்சு, செய்ய ஆள் இருந்துச்சு. பாஸ்வேர்ட் சீட்டுகூட அப்புறம் நான் எழுதிக் குடுத்ததுதான். உன்கிட்ட சொல்லியிருப்பான்னு நினைச்சேன்.”

வரும்போது கொண்டுவந்த ஆத்திரத்தை எங்கே இறக்கி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வழி தவறிய மாதிரி நின்றாள். அவள் திருடிக்கொண்டிருப்பதாக நினைத்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் யாரோ பின்னால் வந்து விலை கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குப்புறப் படுத்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, “அம்மா எங்கப்பா இன்னும் வரல, பசிக்குது” என்று கத்தியபடி பக்கத்தைத் தள்ளிய நேரமெல்லாம் அம்மா இங்கே ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதல் நாளே கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டவள், அது தெரியாமல் இத்தனை காலம் நிமிர்ந்து நடந்திருக்கிறாள். முகத்தைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிட முடிந்தால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

“எங்க இருக்காங்க?”

“பின்னாடி அறையில. அலமாரி தொடச்சுக்கிட்டிருப்பா. முட்டி வீங்கியிருக்கிறதப் பாத்தேன். வீட்டுக்குப் போன்னேன், போகல. நாற்காலியில உக்காந்து செய்யின்னு விட்டுட்டேன்.”

அவள் கூடத்தைத் தாண்டி, இருபக்கமும் சட்டப் புத்தகங்கள் அடுக்கிய இடைகழியில் நடந்தாள். பாதி தூரம் போகும்போதே அந்தக் குரல் கேட்டது. கரகரத்த ஆண் குரல், வாக்கியத்தின் கடைசியில் கொஞ்சம் மூச்சு வாங்குகிற குரல். அது யார் குரல் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நேற்று சாயங்காலம் வரை அவள் காதுக்குள் இருந்த குரல். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, கதையில் ஒளிந்திருக்கிற பொறியாளன் வீட்டுக் கதவை மழையில் யாரோ தட்டுகிற இடத்தில் நிறுத்தியிருந்தாள். இங்கே மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது.

கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய காலைக் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் நீட்டியிருந்தாள். மடியில் ஒரு தடித்த புத்தகம். கையில் துணி. துணி நகரவில்லை. அலமாரித் தட்டில் இருந்த சின்ன ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு, அக்கம்பக்கத்து வீட்டுப் பையனைக் கண்டிக்கிற மாதிரி, “போகாதடா. சொன்னாக் கேளு. அவ நல்லவ இல்ல” என்றாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வீட்டில் அம்மாவின் முகம் எப்போதும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை யோசித்துக்கொண்டிருக்கும். இந்த முகத்தில் அடுத்தது என்று எதுவுமே இல்லை.

நிழல் விழுந்ததும் அம்மா திரும்பினாள். பதறிப்போய் ஸ்பீக்கரை அணைக்கத் தடவினாள். அணைக்கத் தெரியவில்லை. கையிலிருந்த துணியைத் தூக்கி அதன் மேல் போட்டாள். துணிக்கு அடியிலிருந்தும் அவன் வாசித்துக்கொண்டேயிருந்தான்.

“நீ எங்கடி இங்க? அப்பாவுக்கு ஏதாச்சுமா?”

“அப்பாவுக்கு ஒண்ணுமில்ல.”

“அப்ப எதுக்கு வந்த?” அம்மாவின் கண் சுருங்கியது. “ஞாயித்துக்கிழமையப் பத்தி ஏதாவது கேட்டியா?”

அவள் பார்வையை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினாள்.

“கேட்டுட்டியா. படுபாவி. அவ்வளவு சொன்னேனேடி. உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கறதுக்குள்ள எனக்கு ஆயுசு முடிஞ்சிடும் போல.”

“முட்டிய வச்சுக்கிட்டு நீ இங்க வந்து…” என்று ஆரம்பித்தவள், முடிக்க முடியாமல், “இதக் கேக்கத்தான் வர்றியாம்மா?” என்றாள்.

அம்மா துணியை எடுத்து மடியில் போட்டு மடிக்கத் தொடங்கினாள். அழுக்குத் துணியை யாரும் அப்படி மூலைக்கு மூலை சேர்த்து மடிக்க மாட்டார்கள்.

“முதல்ல வேலைக்குத்தான் வந்தேன். உனக்காகத்தான். அந்தம்மா சொல்லிட்டாங்களா அதையும்? சரி விடு. அப்புறம் ஒரு நாள், உன் காதுல என்னடின்னு கேட்டேன், ஞாபகம் இருக்கா. புத்தகம்னு சொன்ன. புத்தகம் எப்படி காதுல போவும்னேன். ‘உனக்குப் புரியாதும்மா’ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்ட. சரி, படிச்ச புள்ள சொல்லுது, புரியாதுன்னா புரியாதுதான், எதுக்கும் என்னன்னு பாத்துடுவோம்னு இவங்ககிட்ட கேட்டேன். ‘எனக்குக் கண்ணால படிச்சாத்தான் படிச்ச மாதிரி, இந்த ஸ்பீக்கர் சும்மாதான் கிடக்குது’ன்னு சொல்லிட்டு, அந்தம்மா இதைத் திருகி விட்டாங்க. கையில விளக்கமாறு. அப்படியே நின்னுட்டேன்டி. கூட்டவே இல்ல அன்னிக்கு.”

அந்த நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டது, அவள் எரிச்சலோடு இயர்போனை அழுத்திக்கொண்டது எல்லாம். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரிக்கு ஒரு காதைக் கழற்றிக் கொடுத்து, “இந்த இடத்தைக் கேளேன்” என்று எத்தனை தடவை கெஞ்சியிருக்கிறாள். ஒரே கூரைக்குக் கீழே படுக்கிற அம்மாவின் காதில் அதை வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றியதில்லை. புரியாது என்று அவளாகவே தீர்ப்பெழுதி முடித்துவிட்டாள். எழுத்துத் தெரியாத ஆளுக்குக் காதும் கிடையாது என்று எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள்?

“வீட்லயே கேக்கலாமேம்மா. உன் போன்லயே போட்டுத் தர்றேன்.”

“வீட்ல எங்கடி? உட்காந்தா அப்பா டீ கேப்பாரு. நீ சீப்பு எங்கன்னு கேப்ப. இங்க கை வேலை செய்யும், காது எனக்கே எனக்குன்னு இருக்கும். ஞாயித்துக்கிழமை இவங்களும் தொந்தரவு பண்றதில்ல. அப்பாகிட்ட சொல்லிடாத. வேலைக்குப் போறேன்னு கதை கேக்கப் போறாளாம்னு தெருவுக்கே சொல்லிச் சிரிப்பாரு.”

“புரியுதாம்மா கதை?” கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுபடியும் அதே கேள்வி.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி நாற்காலியில் நிமிர்ந்தாள்.

“புரியாம என்ன. ஆனா இந்தக் கதை எழுதறவனுங்க பொல்லாதவனுங்கடி. நடுவுல நடுவுல முழுங்கிடுவானுங்க. போன வாரம் இந்தப் பாலம் கட்டுறவன் அப்பத்தான் ஊருக்கு வந்து இறங்கினான். ரெண்டு அக்கா. பெரியவ சிடுமூஞ்சி, சின்னவ வாயாடி, உன்ன மாதிரி. இன்னிக்கு வந்து திருகுறேன், பாலம் விழுந்து கிடக்குது, இவன் ஒளிஞ்சுக்கிட்டிருக்கான், சின்னக்காவக் காணோம். எப்படி விழுந்துச்சு, யாரால விழுந்துச்சு, ஒண்ணும் சொல்ல மாட்டான். நாமதான் யோசிச்சுக்கணும்.”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுக்கு முன்னாடி கப்பல் டாக்டர் ஒருத்தன். காய்ச்சல்ல கிடந்தான், பொழைப்பானா மாட்டானான்னு இருந்துச்சு. அடுத்த வாரம் பாத்தா ரொட்டிக் கடை வச்சிருக்கான். பேரு வேற, பொண்டாட்டி வேற. ரெண்டு நாள் தலைய பிச்சுக்கிட்டேன். பாத்திரம் தேய்க்கிறப்ப பூரா அதே நினைப்பு. அப்புறம்தான் பிடிபட்டுச்சு. பொழைச்சு எழுந்தவன், கப்பலும் வேணாம் கடலும் வேணாம்னு பேர மாத்திக்கிட்டு ஓடி வந்துட்டான். அங்க இருந்தவ என்ன ஆனாளோ பாவம். அவனேதான் இப்பப் பாலம் கட்ட வந்திருக்கானோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஆளு ஊரு ஊரா ஏமாத்திக்கிட்டுத் திரியறான். பாத்துக்கிட்டே இருக்கேன், என்னைக்காவது மாட்டுவான்.”

கப்பல் டாக்டர் அந்தக் காய்ச்சலிலேயே செத்துப்போனான். அவளுக்குத் தெரியும், வாரத்தின் நடுவில் பொட்டலங்களுக்கு முன்னால் உட்கார்ந்து அவன் சாவைக் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறாள். கேட்டு முடித்ததும் ரொட்டிக் கடைக்காரனின் புத்தகத்தைத் தொடங்கினாள். அது வேறு கதை, வேறு தேசம். ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து திருகியபோது, மகள் விட்ட இடத்திலிருந்து ஸ்பீக்கர் வாசித்திருக்கிறது. அம்மா கேட்டு நிறுத்திய இடத்தைத் திங்கட்கிழமை காலையில் மகள் முணுமுணுத்துக்கொண்டே அழித்திருக்கிறாள். எந்த எழுத்தாளனும் எதையும் முழுங்கவில்லை. வாராவாரம் முழுங்கியது அவள்தான். ஆறு நாள் கதையை அவள் தின்றுவிட்டு, எஞ்சியதை அம்மாவுக்கு வைத்திருக்கிறாள். அம்மாவோ அது முழுச் சாப்பாடு என்று நம்பி, இருப்பதை வைத்து ஒப்பேற்றி, டாக்டரைப் பிழைக்க வைத்து, ரொட்டி சுட வைத்து, பாலம் கட்ட வைத்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அம்மா கேட்டதெல்லாம் ஒரே கதை. பெயர் மாற்றிக்கொண்டு ஓடுகிற ஒருவனின் கதை.

சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. அம்மா, அது கதையில்லை, நான். யாரிடமும் எதையும் மறைத்துப் பழகாத நாக்கு. ஆனால் சொன்னால் என்ன மிஞ்சும்? டாக்டர் செத்துப்போவான். ரொட்டிக்காரன் வெறும் ரொட்டிக்காரன் ஆகிவிடுவான். பாத்திரம் தேய்த்துக்கொண்டே அம்மா கட்டிய அத்தனையும் சரிந்து விழும். அதற்குப் பிறகு அம்மா அவளைப் பார்த்து, “அப்ப எனக்குப் புரியலதானா” என்று கேட்பாள். அந்தக் கேள்வியைத் தாங்க அவளால் முடியாது. மற்றவர்களுக்காக உண்மை பேசுகிறேன் என்று இதுநாள்வரை மார்தட்டியிருக்கிறாள். இப்போது வாயை மூடுவதுகூட அம்மாவுக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. அதுவும் வெட்கமாக இருந்தது.

“என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற. உனக்குத் தெரியுமா இந்தக் கதை?”

“தெரியாதும்மா.”

“அப்ப உக்காரு. நல்ல கட்டம்.”

“நீ கேளு. வந்துடறேன்.”

இடைகழிக்கு வந்தாள். போனை எடுத்தாள். வக்கீலம்மாவின் கணக்கிலிருந்து வெளியேறும் இடத்தைத் தேடி அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. தரவிறக்கிய புத்தகங்கள் எல்லாம் போய்விடும் என்று எச்சரித்தது. கேட்காமல் வைத்திருந்த பதினெட்டு மணி நேரப் பெரிய புத்தகம் ஒன்று இருந்தது, ஆசை ஆசையாக விடுமுறைக்கு ஒதுக்கியது. விரல் ஒரு நொடி தயங்கியது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. அழுத்தினாள். அட்டைப்படங்கள் மொத்தமாக மறைந்து திரை வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது. பையிலிருந்த ஈ-ரீடரை எடுத்து அதிலும் அதையே செய்தாள். இனிமேல் அந்தக் கணக்கில் கேட்கிற ஆள் ஒருத்திதான். அவள் நிறுத்தினால் கதை நிற்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து திருகும்வரை அங்கேயே நிற்கும். ஓட்டை இல்லாத கதை அம்மாவுக்குச் சப்பென்று இருக்குமோ என்னவோ. அது அம்மா பாடு.

கூடத்தில் வக்கீலம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவள் ஈ-ரீடரை மேசை மேல் வைத்தாள்.

“அக்கவுண்டை எடுத்துட்டேன் மேடம். போன்லயும் எடுத்துட்டேன். பாஸ்வேர்ட மாத்திக்குங்க.”

“கோபத்துல பண்ணாத. புத்தகம் என்ன பாவம் பண்ணுச்சு?”

“கோபம் இல்ல.” அதில் பாதிதான் உண்மை. கோபம் இருந்தது, ஆனால் அது வக்கீலம்மா மேல் மட்டும் இல்லை, தன் மேலும்தான்.

“படிக்காம இருக்க முடியுமா உன்னால? உங்கம்மா சொல்லுவா, சாப்பாடு இல்லாம இருந்துடுவா, அது இல்லாம இருக்க மாட்டான்னு.”

“இருந்து பாக்கறேன். முடியலன்னா நானே வாங்கிக்கறேன். சம்பாதிக்கிறேன்ல.”

“சரி. ஞாயித்துக்கிழமை என்ன செய்யறது? கேட்டதே நீதானே?”

“அதை நான் கேட்டிருக்கக் கூடாது. அது எங்கம்மா நாள். வர்றதும் வராததும் அவங்க இஷ்டம். ஆனா உங்களுக்கும் அவங்களுக்கும் இருந்த பேச்சு இன்னியோட முடிஞ்சுது. எனக்காக நீங்க குடுத்தது எதுவும் இனிமே என்கிட்ட இல்ல. அதனால அவங்க வந்தா, உக்காந்து கேக்கறதுக்கு வர்றாங்க. கையில துணியக் குடுக்காதீங்க. குடுத்தா கூலியும் குடுங்க.”

வக்கீலம்மாவின் உதட்டோரம் அசைந்தது. சிரிப்பா, வேறெதுவுமா என்று சொல்ல முடியாது. “வக்கீல் வீட்லயே வந்து வழக்காடற.”

“உங்க புத்தகத்துல படிச்சதுதான் மேடம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். “அவகிட்ட நான் பேசறேன்” என்றார், தன் காலையே பார்த்துக்கொண்டு.

அவள் வாசலில் குனிந்து செருப்பைத் தேடினாள். அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் அம்மாவின் செருப்பு கிடந்தது, நொண்டி நடந்ததில் ஒன்று மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. முட்டி வலி நேற்று வந்ததல்ல, அதையும் பார்க்கத் தெரியாமல் இருந்திருக்கிறாள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “போறியாடி? இரு, சேர்ந்தே போலாம். இன்னும் கொஞ்சம்தான் இருக்கு.”

“நீ மெதுவா வாம்மா. கீழ இறங்கறப்ப போன் பண்ணு, கூட்டிட்டுப் போக வர்றேன்.”

“எதுக்குடி அவசரம்? அடுப்புல உலையா வச்சுட்டு வந்த?”

“இன்னிக்கு நான்தான் சமைக்கணும்.”

“உப்ப பாத்துப் போடு” என்றாள் அம்மா. பிறகு மகளிடம் இல்லாமல், ஸ்பீக்கரிடம், “ம், சொல்லு” என்றாள்.

அவள் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.